ஐம்பது பேர் வாழும் கிராமத்துக்கு எதற்கு 700 மீட்டர் சுவர்?

கேள்வி: பெர்லினில் இருந்ததைப் போலவே ஜெர்மனியில் ஒரு குக்கிராமத்தின் நடுவிலும் சுவர் இருந்ததாமே? அது எந்த ஊர், அதன் வரலாறு என்ன, இப்போது போனால் பார்க்க ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

இருந்தது. அந்த ஊரின் பெயர் மோட்லாரொய்ட். மிச்சமும் நிறைய இருக்கிறது.

பவேரியா மாநிலத்தின் வடகிழக்கு மூலையில் ஹோஃப் என்று ஒரு நகரம். அங்கிருந்து வடக்கே சுமார் பதினைந்து கிலோமீட்டர், வயலும் ஊசியிலைக் காடும் மாறி மாறி வரும் மேட்டு நிலத்தில் போனால், ஒரு தாழ்வான இடத்தில் கொஞ்சம் ஓட்டுக் கூரைகள் தெரியும். அவ்வளவுதான் ஊர். ஏறக்குறைய ஐம்பது பேர் வசிக்கிறார்கள். ஊருக்குள் தேவாலயம் கிடையாது. எல்லாம் பண்ணை வீடுகள், தானியக் கொட்டகைகள், மாட்டுத் தொழுவங்கள். நடுவில் டான்பாக் என்ற ஓடை. ஓடை என்றதும் பெரிதாக எதுவும் நினைத்துவிட வேண்டாம். தண்ணீர் குறைந்த நாளில் செருப்பு நனையாமல் ஒரே எட்டில் தாண்டிவிடலாம். இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் இருக்கும் வீடுகள் பவேரியாவில் டோப்பன் ஊராட்சியைச் சேர்ந்தவை. அந்தப் பக்கத்து வீடுகள் துரிங்கியா மாநிலத்தில் கெஃபெல் என்ற சிறு நகராட்சியைச் சேர்ந்தவை.

இந்த ஊரைப் பற்றிப் பேசுகிறவர்கள் எல்லோரும் சுவரிலிருந்துதான் தொடங்குவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கான்கிரீட் சுவர் நின்றது 24 ஆண்டுகள். எல்லைக்கோடு அங்கே இருப்பது நானூறு ஆண்டுகளுக்கும் மேலாக, இன்றைக்கும் இருக்கிறது. அந்த நானூறு ஆண்டுகளில் பெரும்பகுதி அந்தக் கோட்டால் யாருக்கும் பெரிய தொல்லை இல்லை. இதைத் தெரிந்துகொண்டு போனால்தான் சுவரைப் பார்க்கும்போது ஏதாவது விளங்கும்.

16-ஆம் நூற்றாண்டிலேயே டான்பாக் இரண்டு ஆட்சிகளுக்கு நடுவே எல்லையாகிவிட்டது. தெற்கே பைரொய்ட் பிரபுக்களின் நிலம். வடக்கே ரொய்ஸ் குடும்பத்தின் நிலம். இந்த ரொய்ஸ் குடும்பத்தைப் பற்றி ஒரு வரி சொல்லாமல் போக மனம் வரவில்லை. அந்தக் குடும்பத்தில் பிறக்கும் ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பெயர்தான்: ஹைன்ரிஷ். பட்டத்துக்கு வருகிறவனுக்கு மட்டும் இல்லை, அண்ணன், தம்பி, சித்தப்பா மகன் என்று எல்லோருக்கும். ஆளை அடையாளம் தெரிய வேண்டுமே என்று எண் போட்டுக்கொண்டார்கள். மோட்லாரொய்ட்டின் வடபாதியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்டவர் ஷ்லைட்ஸ் ஊரைத் தலைநகராகக் கொண்ட 42-ஆம் ஹைன்ரிஷ். அவருக்கு முன்னால் 41 பேர் ஆண்டார்கள் என்று கணக்குப் போடாதீர்கள். அதில் பலர் ஆட்சிப் பக்கமே வராத பிள்ளைகள்.

தென்பாதியின் கதை வேறு. பைரொய்ட் முதலில் பிரஷ்யாவின் கைக்குப் போனது. 1806-இல் நெப்போலியனின் படை வந்து எடுத்துக்கொண்டது. 1810-இல் நெப்போலியன் அந்த நிலப்பகுதியை ஒன்றரைக் கோடி பிராங்குக்குப் பவேரிய அரசருக்கு விற்றுவிட்டார். அதாவது ஓடைக்குத் தெற்கே மாடு மேய்த்துக்கொண்டிருந்தவர்கள் ஒரு கிரயத்தில் பவேரியர்கள் ஆனார்கள். நிலம் கைமாறினால் எல்லைக்கல் நட வேண்டும் இல்லையா? நட்டார்கள். டான்பாக் ஓரமாக இடுப்பளவுகூட வராத கருங்கற்கள். ஒரு பக்கம் கே.பி. என்ற எழுத்து, பவேரிய ராஜ்ஜியம் என்று பொருள். மறுபக்கம் எஃப்.ஆர்., ரொய்ஸ் சிற்றரசு. அந்தக் கற்களில் சில இன்னும் நட்ட இடத்திலேயே நிற்கின்றன. ஊருக்குப் போனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது இந்தக் கல்லைத்தான். பாசி படிந்து, பாதி புல்லுக்குள் மறைந்து கிடக்கும். படம் எடுக்க ஏற்றதாக இருக்காது. ஆனால் சுவர், கோபுரம், முள்வேலி என்று பிறகு வந்த எல்லாவற்றுக்கும் இதுதான் வேர்.

கல் நட்டதால் ஊர் பிரிந்துவிட்டதா என்றால், இல்லை. பள்ளிக்கூடம் துரிங்கியப் பக்கம். இரண்டு பக்கத்துப் பிள்ளைகளும் அங்கேதான் படித்தார்கள். மதுக்கடையும் சாப்பாட்டுக் கூடமும் சேர்ந்த ஊர் விடுதியும் அதே பக்கம். ஞாயிற்றுக்கிழமை வழிபாட்டுக்கு எல்லோரும் பவேரியப் பக்கத்து டோப்பனுக்கு நடப்பார்கள். ஆக, பிள்ளையைப் பள்ளியில் விட ஓடையைத் தாண்ட வேண்டும், கடவுளைக் கும்பிடத் திரும்பி வர வேண்டும், பீர் குடிக்க மறுபடி தாண்ட வேண்டும். பெண் கொடுத்து எடுத்ததும் இரண்டு கரைக்கும் நடுவில்தான். வரியை மட்டும் இவர்கள் ஒரு ராஜாவுக்கும் அவர்கள் ஒரு ராஜாவுக்கும் கட்டினார்கள். முதல் உலகப் போர் முடிந்து ராஜாக்கள் போனார்கள். ஹைன்ரிஷ்களின் நிலம் 1920-இல் மற்றச் சிற்றரசுகளோடு சேர்ந்து துரிங்கியா மாநிலம் ஆனது. ஓடைக் கரையில் அப்போதும் எதுவும் மாறவில்லை.

மாற்றம் வந்தது லண்டனிலிருந்து. 1944 செப்டம்பரில், போர் முடியும் முன்பே, நேச நாடுகள் ஜெர்மனியை எப்படிப் பங்கிட்டு ஆள்வது என்று லண்டனில் உட்கார்ந்து தீர்மானித்தன. புதிதாகக் கோடு போடவில்லை, பழைய மாநில, மாகாண எல்லைகளை அப்படியே எடுத்துக்கொண்டார்கள். பவேரியா அமெரிக்காவுக்கு, துரிங்கியா சோவியத் யூனியனுக்கு. 42-ஆம் ஹைன்ரிஷுக்கும் பவேரிய ராஜாவுக்கும் நடுவே இருந்த கோடு, அமெரிக்காவுக்கும் ஸ்டாலினுக்கும் நடுவே உள்ள கோடாக மாறியது இப்படித்தான். அந்த மேசையில் இருந்த யாரும் மோட்லாரொய்ட் என்ற பெயரைக் கேள்விப்பட்டிருக்கக்கூட வாய்ப்பில்லை.

1945 வசந்தத்தில் துரிங்கியாவை முதலில் பிடித்தது என்னவோ அமெரிக்கப் படைதான். ஒப்பந்தப்படி ஜூலையில் அவர்கள் விலகிக்கொள்ள, சோவியத் படை உள்ளே வந்தது. அதே சமயத்தில் அமெரிக்கர்களும் ஆங்கிலேயர்களும் பெர்லினின் மேற்குப் பகுதிக்குள் போனார்கள். முதல் சில ஆண்டுகள் ஊர்க்காரர்கள் எப்படியோ சமாளித்தார்கள். வயல் அந்தப் பக்கம், வீடு இந்தப் பக்கம் என்று இருந்தவர்களுக்கு அனுமதிச் சீட்டு கிடைத்தது. 1949-இல் மேற்கு ஜெர்மனி (ஓடையின் பவேரியப் பக்கம்), கிழக்கு ஜெர்மனி (துரிங்கியப் பக்கம்) என்று இரண்டு நாடுகள் உருவான பிறகும் சீட்டைக் காட்டிவிட்டு ஓடையைத் தாண்டலாம் என்ற நிலைதான்.

1952 மே 26 அன்று கிழக்கு ஜெர்மன் அரசு ஓர் ஆணை போட்டது. எல்லை நெடுக 10 மீட்டர் அகலத்துக்கு மண்ணை உழுது, பரம்படித்து, வெறும் தரையாக வைக்க வேண்டும். காலடி பட்டால் தெரிய வேண்டும் என்பதற்காக. அதற்குப் பின்னால் 500 மீட்டர் பாதுகாப்புப் பட்டை. அதற்கும் பின்னால் 5 கிலோமீட்டர் தடைப்பகுதி. இந்த எண்களை மோட்லாரொய்ட்டின் மேல் வைத்துப் பாருங்கள். வடபாதி முழுக்க, கடைசி வீடு வரைக்கும், 500 மீட்டருக்குள் அடங்கிவிடும். ஊரே எல்லைக் காவல் பகுதியாகிவிட்டது. சீட்டு செல்லாது. பள்ளிக்கூடம், விடுதி, டோப்பன் தேவாலயம் எல்லாம் ஒரே நாளில் யாரோ ஒருவருக்கு எட்டாமல் போயின.

சில நாட்களிலேயே அடுத்த அடி விழுந்தது. எல்லையோரம் குடியிருக்கிறவர்களில் யார் நம்பிக்கைக்கு உரியவர் இல்லை என்று பட்டியல் போட்டார்கள். மேற்கில் சொந்தக்காரர்கள் இருப்பது, சொந்தமாக நிலபுலன் வைத்திருப்பது, வாய்த்துடுக்காகப் பேசுவது, எதுவும் காரணம் ஆகலாம். அதிகாலையில் லாரி வந்து வாசலில் நிற்கும். கையில் கிடைத்ததை ஏற்றிக்கொண்டு நாட்டின் உட்பகுதிக்குக் கிளம்ப வேண்டும். மோட்லாரொய்ட்டிலிருந்தும் ஆட்கள் போனார்கள். முந்திக்கொண்டு ஓடையைத் தாண்டி மேற்கே ஓடியவர்களும் உண்டு. இந்த நடவடிக்கைக்குப் பூச்சி புழுக்களை ஒழிப்பது என்று அதிகாரிகள் பெயர் வைத்திருந்தார்கள். 1961 அக்டோபரில் இதே மாதிரி இன்னொரு சுற்று நடந்தது. எல்லை முழுவதும் இரண்டு சுற்றிலும் சேர்த்து வீடு இழந்தவர்கள் 11,000 பேருக்கு மேல்.

ஊருக்குள் முதலில் வந்தது பலகை வேலி. பிறகு முள்கம்பி. கடைசியாக 1966-இல் கான்கிரீட் சுவர்: நீளம் 700 மீட்டர், உயரம் 3.30 மீட்டர். ஓர் ஆள் மேல் இன்னோர் ஆள் ஏறி நின்றால்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியும்.

தலைப்பில் இருக்கும் கேள்விக்கு இப்போது வருகிறேன். இரண்டு ஜெர்மனிகளுக்கும் நடுவே இருந்த எல்லை சுமார் 1,400 கிலோமீட்டர். அதில் பெரும்பகுதிக்குச் சுவரே கிடையாது, வேலிதான். விரலை நுழைக்கலாம், ஆனால் பிடித்து ஏற முடியாத அளவுக்குப் பொடிக் கண்ணி கொண்ட இரும்புவலை. காட்டிலும் வயலிலும் அது போதும், ஏனென்றால் தூரத்திலிருந்தே ஆளைப் பார்த்துவிடலாம். வீடுகள் எல்லையை ஒட்டி நிற்கும் ஊர்களில் அது போதாது. ஒருவர் வாசலைத் திறந்தால் பத்து இருபது எட்டில் மேற்கு. அதைவிட, வேலி வழியாக முகம் தெரியும், பேச்சுக் கேட்கும். அண்ணனும் தங்கையும் வேலிக்கு இரு பக்கமும் நின்று பேசிக்கொண்டிருந்தால் எல்லை என்பதற்கே அர்த்தம் இல்லை. ஆகவே இப்படிப்பட்ட ஊர்களில் பார்வையை மறைக்கச் சுவர் எழுப்பினார்கள். ஓடுகிறவனைத் தடுப்பது அதன் பாதி வேலைதான், பார்க்கிறவனைத் தடுப்பது மீதி.

கையசைப்பதும் குற்றம். இது மிகைப்படுத்தல் இல்லை. கிழக்குப் பக்கத்தவர்கள் மேற்கே பார்த்துக் கை ஆட்டவோ வணக்கம் சொல்லவோ கூடாது என்று விதி இருந்தது. மேற்குக் கரை கொஞ்சம் மேடானது. அங்கே இருந்து பார்த்தால் சுவருக்கு மேலாகக் கிழக்கு வீடுகளின் மாடி ஜன்னல் தெரியும், முற்றத்தில் துணி காயப்போடுகிறவர் தெரிவார். இவர் கை ஆட்டுவார். அவர் பார்த்தும் பார்க்காதது போல உள்ளே போய்விடுவார். இரவில் சுவர் நெடுக விளக்கு எரியும்.

கிழக்குப் பாதியில் குடியிருந்தவர்களின் அடையாள அட்டையில் தனி முத்திரை உண்டு. சோதனைச் சாவடியில் அதைக் காட்டித்தான் சொந்த ஊருக்குள் நுழைய வேண்டும். கல்யாணம், சாவு என்றாலும் வெளியூர்ச் சொந்தங்கள் முன்கூட்டியே மனுப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். கிடைக்கலாம், கிடைக்காமலும் போகலாம். தடைப்பகுதியில் வேலை பார்ப்பவர்களுக்குச் சம்பளத்தோடு கூடுதல் படி கொடுத்தது அரசு. நிலங்கள் 1960 வாக்கில் கூட்டுப் பண்ணைக்குள் போய்விட்டன.

மேற்குப் பாதி நேர் எதிர். அங்கே யாரும் போகலாம். பள்ளிப் பிள்ளைகள், ராணுவக்காரர்கள், அரசியல்வாதிகள் என்று பேருந்து பேருந்தாக வந்து சுவரைப் பார்த்துவிட்டுப் போனார்கள். அமெரிக்கச் சிப்பாய்கள் வைத்த பெயர்தான் 'குட்டி பெர்லின்'. 1983 பிப்ரவரியில் அப்போதைய அமெரிக்கத் துணை அதிபர் ஜார்ஜ் ஹெச். டபிள்யூ. புஷ் வந்தார். முன்பு பெர்லினில் 'நானும் ஒரு பெர்லின்காரன்' என்று அமெரிக்க அதிபர் கென்னடி பேசியதன் மாதிரியில், "நானும் ஒரு மோட்லாரொய்ட்காரன்" என்று ஜெர்மனில் சொன்னார். இந்த மாதிரி வசனம் எனக்கு அவ்வளவாகப் பிடிப்பதில்லை. ஆனால் சுவர் விழுந்தபோது அமெரிக்க அதிபராக இருந்தவர் அதே மனிதர் என்பதால் ஊர்க்காரர்கள் அதை மறக்கவில்லை.

மேற்கிலிருந்து பார்க்க வந்தவர்களுக்கு ஒரு பொறி இருந்தது. சுவர் எல்லைக் கோட்டின் மேல் கட்டப்படவில்லை. கோட்டிலிருந்து சில மீட்டர் உள்ளே தள்ளி, கிழக்கு மண்ணில் கட்டியிருந்தார்கள். அதனால் ஓடைக்கும் சுவருக்கும் நடுவே ஒரு துண்டு நிலம். பார்த்தால் யாருக்கும் சொந்தமில்லாத புல்தரை மாதிரி இருக்கும். ஆனால் அது கிழக்கு ஜெர்மனி. படம் எடுக்கும் ஆர்வத்தில் ஓடையைத் தாண்டிச் சுவரைத் தொட்டுவிட்டால் நாட்டு எல்லையை மீறிய குற்றம். 'நில், இங்கே எல்லை' என்று மேற்கு ஜெர்மன் காவல்துறை பலகை வைத்தது இதற்காகத்தான்.

1973-க்குப் பிறகு இரண்டு அரசுகளும் உறவைச் சீர்படுத்திக்கொண்டு, எல்லையோர மேற்கு ஜெர்மானியர்கள் பகல்நேர அனுமதியில் கிழக்கே போய்வரலாம் என்று வழி செய்தன. மேற்கு மோட்லாரொய்ட்காரர் ஒருவர் சாவடி வழியாகச் சுற்றிக்கொண்டு கிழக்கு ஜெர்மனிக்குள் போக முடிந்தது. ஆனால் சுவரை ஒட்டிய பட்டைக்குள், அதாவது தன் ஊரின் அடுத்த பாதிக்குள், நுழைய முடியாது.

இந்தச் சுவரை ஏறித் தாண்டி வெற்றிகரமாகத் தப்பியவர் ஒருவர் உண்டு. அதே 1973-இல்தான். தடைப்பகுதிக்குள் வர அனுமதி வைத்திருந்த அவர், வண்டியைச் சுவர்வரை ஓட்டிவந்து, ஏணி வைத்து ஏறிக் குதித்துவிட்டார். மற்ற இடங்களில் பலர் பலூன் கட்டியும் சுரங்கம் தோண்டியும் பாடுபட்ட காலத்தில், இங்கே வேலையை முடித்தது ஓர் ஏணி.

1989 நவம்பர் 9 இரவு பெர்லின் சுவர் திறந்ததை உலகமே தொலைக்காட்சியில் பார்த்தது. மோட்லாரொய்ட்காரர்களும் பார்த்தார்கள். ஆனால் அவர்கள் ஊர்ச் சுவர் திறக்கவில்லை. மறுகரைச் சொந்தக்காரரைப் பார்க்க வேண்டுமானால் பல கிலோமீட்டர் சுற்றி, திறந்திருக்கும் சாவடி வழியாக வர வேண்டும். குட்டி பெர்லினுக்கு ஒரு மாதம் தாமதம். டிசம்பர் 9 அன்றுதான் சுவரில் ஓர் இடைவெளி உண்டாக்கி, நடந்து போக மட்டும் வழி விட்டார்கள். முப்பத்தேழு ஆண்டுகளுக்குப் பிறகு ஊர்க்காரர்கள் தங்கள் ஓடையைத் தாண்டினார்கள். 1990 ஜூன் 17 அன்று மண்வாரி இயந்திரம் வந்து சுவரை இடித்தது. அந்தத் தேதியை யோசித்துத்தான் எடுத்திருக்க வேண்டும். 1953-இல் கிழக்கு ஜெர்மன் தொழிலாளர்கள் கிளர்ந்தெழுந்து ஒடுக்கப்பட்ட நாள் அது. மேற்கு ஜெர்மனியில் அன்று பொது விடுமுறை விட்டுவந்தார்கள்.

முழுவதையும் இடித்திருந்தால் இன்று இந்தப் பதிலுக்கே வேலை இருந்திருக்காது. சுமார் 100 மீட்டர் நீளத்தை விட்டுவைத்தார்கள். வெறுத்த ஒரு பொருளை இடிக்காமல் வைத்துக்கொள்ள ஊர் ஒப்புக்கொண்டது லேசான காரியம் இல்லை என்பது என் எண்ணம். பெர்லினில் உடைத்த வேகத்தில் பிறகு எங்கே சுவர் இருந்தது என்று தரையில் கல் பதித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இங்கே அந்தத் தேவை வரவில்லை. எஞ்சிய சுவரைச் சுற்றி ஜெர்மன்-ஜெர்மன் அருங்காட்சியகம் உருவானது.

சரி, போனால் எப்படிப் பார்ப்பது? மேற்குக் கரையில் ஓடையை ஒட்டி நில்லுங்கள். எல்லைக்கல்லைப் பார்த்தாயிற்று. அடுத்து கண்ணில் படுவது கறுப்பு, சிவப்பு, மஞ்சள் பட்டை போட்ட கான்கிரீட் கம்பம். அதில் சுத்தியலும் கவராயமும் கொண்ட கிழக்கு ஜெர்மன் இலச்சினை மேற்கைப் பார்த்துப் பதித்திருக்கும். உச்சியில் ஒரு கூர்முனை நீட்டிக்கொண்டிருக்கும். பறவைகள் உட்கார்ந்து நாட்டின் சின்னத்தை அசிங்கப்படுத்தாமல் இருக்க அது என்கிறார்கள். பிறகு ஓடைக்கு அப்பால் அந்தத் துண்டு நிலம், அதற்கப்பால் சுவர்.

சுவரின் கிழக்குப் பக்கம் போனால்தான் விஷயமே இருக்கிறது. மேற்கிலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது சுவர் ஒன்றுதான். கிழக்கிலிருந்து வருகிறவன் சுவரைக் கடைசியாகத்தான் சந்திப்பான். முதலில் தொட்டால் காவல் நிலையத்தில் மணி அடிக்கும் மின்கம்பி வேலி. பிறகு காவல் கோபுரத்தின் பார்வை. பிறகு ரோந்து வண்டி போகும் பாதை, ஓட்டை ஓட்டையான கான்கிரீட் பலகைகளை இரண்டு வரிசையாகப் போட்டது. பிறகு பரம்படித்த மண். வெளி நிலத்தில் வண்டியை மறிக்கும் பள்ளமும் உண்டு. அருங்காட்சியகத்தின் திறந்தவெளிப் பகுதியில் இந்த அடுக்குகளை வரிசை மாறாமல் வைத்திருக்கிறார்கள். கிழக்கு முனையிலிருந்து மேற்கே நடந்து பாருங்கள், எதிர்த் திசையில் வேண்டாம். இந்த எல்லை வெளியிலிருந்து வருகிறவனை நிறுத்தக் கட்டியது என்று அந்த அரசு கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தது. எந்தத் தடை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று நடந்து பார்த்தாலே அந்தப் பேச்சின் லட்சணம் தெரிந்துவிடும்.

உள்ளே காட்சிக்கூடத்தில் இரு தரப்பு எல்லைப் படைகளின் வண்டிகள், சீருடைகள், படங்கள் எல்லாம் உண்டு. வண்டிப் பிரியர்களுக்கு நேரம் போவதே தெரியாது. எனக்கு அதில் அவ்வளவு ஆர்வம் இல்லை, கடந்துவிடுகிறேன்.

இன்றைய ஊரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெர்லினில் எல்லை அழிந்துவிட்டது. இங்கே அழியவில்லை, மாநில எல்லையாகத் தொடர்கிறது. ஐம்பது பேருக்கு இரண்டு மேயர்கள், இரண்டு அஞ்சல் குறியீடுகள், இரண்டு தொலைபேசிக் குறியீடுகள். ஒரு வீட்டு வண்டியின் எண்பலகை ஹோஃப் மாவட்டத்தைக் காட்டும், எதிர்வீட்டு வண்டியுடையது சாலே-ஓர்லா மாவட்டத்தை. ஒருவர் மாநிலத் தேர்தலில் மியூனிக் சட்டமன்றத்துக்கு வாக்களிப்பார், அடுத்தவர் எர்ஃபர்ட்டுக்கு. பள்ளி விடுமுறைகள் ஒத்துவராது. ஜனவரி 6-ஆம் தேதி பவேரியப் பக்கம் விடுமுறை, அன்று எதிர்க்கரையில் வேலை நாள். அக்டோபர் 31 துரிங்கியப் பக்கம் விடுமுறை, மறுநாள் நவம்பர் 1 பவேரியப் பக்கம். பவேரியப் பக்கத்தில் 'க்ரூஸ் காட்' என்று வணக்கம் சொல்வார்கள், எதிர்ப்பக்கம் 'கூட்டன் டாக்'.

இவ்வளவு சிக்கல் எதற்கு, ஒரே மாநிலத்தில் சேர்த்துவிடலாமே என்று பலரும் கேட்பார்கள். ஜெர்மன் அரசியல் சட்டத்தின் 29-ஆம் பிரிவில் அதற்கு வழியும் இருக்கிறது. 50,000 பேருக்குக் குறைவான ஒரு பகுதியை இரண்டு மாநிலங்களும் ஒப்பந்தம் போட்டு மாற்றிக்கொள்ளலாம். மோட்லாரொய்ட் அந்தக் கணக்கில் ஒரு தூசி. ஆனாலும் மாற்றவில்லை. என்னைக் கேட்டால் மாற்றாததே சரி. தடுக்காத எல்லை எப்படி இருக்கும் என்பதை 1810-இன் கல்லை வைத்துக் கற்பனை செய்ய வேண்டியதில்லை, தபால்காரர் எந்தக் கரைக்கு வருகிறார் என்று பார்த்தாலே போதும்.

மோட்லாரொய்ட்டைப் போல எல்லை பிரித்த ஊர்கள் வேறும் உண்டு. வடக்கே ட்சிஷெரி, போக்விட்ஸ் என்ற இரட்டைக் கிராமம் அப்படித்தான் சுவரால் பிரிந்தது. அதன் அருகே 1961 அக்டோபரில் குர்ட் லிஷ்டன்ஸ்டைன் என்ற மேற்கு ஜெர்மன் பத்திரிகையாளர் எல்லையைத் தாண்டிக் கூட்டுப் பண்ணைத் தொழிலாளர்களிடம் பேசப் போய்ச் சுடப்பட்டு இறந்தார். துரிங்கியாவின் தெற்கே பில்முட்ஹவுசன் என்ற கிராமத்தின் கதி இன்னும் மோசம். எல்லைக்கு மிக அருகில் இருந்ததால் 1978-இல் ஊரையே இடித்துத் தரைமட்டமாக்கினார்கள். அங்கே இப்போது மிஞ்சியிருப்பது முக்கியமாக ஒரு கல்லறைத் தோட்டம். மோட்லாரொய்ட்டுக்கு அந்த நிலை வரவில்லை என்பதும் ஓர் அதிர்ஷ்டம்தான்.

நேரம் இருந்தால் பக்கத்தில் யுக்ஹோ என்ற சிற்றூரையும் எட்டிப் பாருங்கள். பெர்லினுக்கும் மியூனிக்குக்கும் நடுவே உள்ள பெருஞ்சாலையில் சாலே ஆற்றுப் பாலம் போரில் தகர்ந்துபோனதால், 1966-இல் அது சரியாகும்வரை அந்த நெடுந்தூரப் போக்குவரத்து டோப்பனுக்கும் யுக்ஹோவுக்கும் நடுவே உள்ள சின்ன சாலை வழியாகத்தான் போயிற்று. மோட்லாரொய்ட்டில் சுவர் எழும்பிய அதே ஆண்டில் அந்தச் சின்ன சாலைக்கு நெடுந்தூரப் போக்குவரத்தைச் சுமக்கும் தேவை முடிந்தது.

போகும் வழி: ரயிலில் ஹோஃப் வரை வரலாம். 1989 அக்டோபர் 1 அன்று பிராகிலிருந்த மேற்கு ஜெர்மன் தூதரகத்தில் தஞ்சம் புகுந்திருந்த கிழக்கு ஜெர்மானியர்களை ஏற்றிவந்த ரயில்கள் நின்ற நிலையம் அது, ஆகவே நடைமேடையிலேயே வரலாறு தொடங்கிவிடுகிறது. அங்கிருந்து கிராமத்துக்குப் பேருந்தை நம்ப வேண்டாம், கார்தான் வசதி. ஏ72 நெடுஞ்சாலையில் டோப்பன் பக்கம் இறங்கினால் கொஞ்ச தூரம். மே முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். இந்த வட்டாரத்துக்குப் பவேரிய சைபீரியா என்று ஒரு கேலிப் பெயர் உண்டு. குளிர்காலத்தில் போனால் அது கேலி இல்லை என்று தெரியும். அக்டோபர் 3, ஒருங்கிணைப்பு நாள், விழாவும் மேடைப் பேச்சும் கூட்டமுமாக இருக்கும். அமைதியாகப் பார்க்க வேண்டுமென்றால் அந்த ஒரு நாளைத் தவிருங்கள். திரும்பும்போது ஹோஃப் கடைத்தெருவில் பித்தளைக் கொப்பரையில் கரி நெருப்பு போட்டு, கொதிநீரில் சாசேஜ் வைத்து விற்பவரைத் தேடுங்கள். இந்த ஊரின் அடையாளமே அவர்தான், சிலைகூட வைத்திருக்கிறார்கள். ரொட்டியில் வைத்து, கடுகு தடவித் தருவார். மாலைவரை நிற்பார் என்று எண்ணி ஏமாறாமல், ஊருக்குள் நுழைந்ததுமே வாங்கிவிடுவது நல்லது.